குழந்தைக்குக் கீமோ நடக்கும்போது பெற்றோர் குழுக்கள் தேவையா?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

என் மகளுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. முதல் கட்டக் கீமோ முடிந்துவிட்டது. எலும்பு மஜ்ஜைச் சோதனையில் நோய் அணுக்கள் தென்படவில்லை என்று சொன்னார்கள். மருத்துவர்கள் நம்பிக்கையோடுதான் பேசுகிறார்கள். ஆனாலும் வீட்டில் நிம்மதி இல்லை. அதற்குப் பாதிக் காரணம் நோய், மீதிக் காரணம் என் மனைவியின் கைப்பேசி.

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பல பெற்றோர் குழுக்களில் சேர்ந்திருக்கிறாள். பிள்ளை தூங்கியதும் வாசிக்கத் தொடங்கினால் விடியும்வரை அதே வேலை. யாரோ ஒருவர் தன் குழந்தைக்கு நோய் திரும்பிவிட்டது என்று எழுதினால், மறுநாள் எங்கள் மகளின் கழுத்தையும் அக்குளையும் தடவித் தடவிக் கட்டி இருக்கிறதா என்று தேடுகிறாள். போன வாரம் ஒரு பையன் இறந்த செய்தியைப் படத்தோடு போட்டிருந்தார்கள். அன்று முழுக்க அவளால் சாப்பிட முடியவில்லை. அந்தப் பையனின் நோய் வேறு, சிகிச்சை வேறு. சொன்னால் அறிவுக்குப் புரிகிறது, மனசு கேட்பதில்லை.

என் கருத்து இதுதான். சிகிச்சை முடியும்வரை பெற்றோர் இந்தக் குழுக்களிலிருந்து விலகி இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேட்கலாம். மரணச் செய்திகளைக் குழுக்களில் போடவே கூடாது. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

மழைத்துளி

நான் மறுக்கிறேன் அண்ணா. என் மகனுக்கும் ஏ.எல்.எல்.தான். சிகிச்சை முடித்து இப்போது பள்ளிக்குப் போகிறான்.

மருத்துவரைக் கேட்கலாம் என்கிறீர்கள். எங்கள் மருத்துவர் நல்லவர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? "டெக்ஸா என்ற ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் கொஞ்சம் எரிச்சலாக இருப்பான்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் பிள்ளை என்னை அடித்தான். நடு இரவில் பசி பசி என்று அலறினான். அரை மணி நேரம் கழித்துக் காரணமே இல்லாமல் என் மடியில் விழுந்து அழுதான். நோய் மூளைக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். குழுவில் எழுதினேன். "டெக்ஸா வாரமா அக்கா? எங்கள் வீட்டிலும் இதேதான். மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் உங்கள் பழைய பிள்ளை திரும்பி வந்துவிடுவான்" என்று ஒரு தங்கை பதில் போட்டாள். அப்படியே நடந்தது.

வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து போட்ட பிறகு தாடை வலிக்கும் என்று எனக்குக் குழுவில்தான் தெரிந்தது. மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட்டில் ஊசி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரப்புக் களிம்பு தடவிவிட்டால் பிள்ளை அலறாது என்பதும் அங்கே கற்றதுதான். கடைசி நிமிடத்தில் தடவிப் பயனில்லை என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைக்கு ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, நாமும் எங்கும் போகக்கூடாது. தொலைபேசியில் பேசும் சொந்தக்காரர்கள் "உங்கள் பக்கத்தில் யாருக்காவது இருந்ததா?", "வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார்கள். குழுவில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. உங்கள் மனைவி விடியும்வரை அங்கே இருக்கிறார் என்றால், வேறு எங்கே போவார் என்றும் யோசித்துப் பாருங்கள்.

வெண்புறா

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மழைத்துளி அக்கா சொன்ன எல்லாம் உண்மை. இருந்தாலும் இந்த விவாதத்தில் நான் இளவேனில் பக்கம்தான், ஏன் என்று சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் புற்றணுக்கள் பெருகாமல் செய்கிறது. இது தெரியாமல், ரத்தம் ஊறட்டும் என்று குழுவில் யாரோ சொன்ன சத்து சிரப்பை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் ஃபோலிக் அமிலம் இருந்தால் மருந்து ஒரு பக்கம் இழுக்க, சிரப் மறுபக்கம் இழுக்கும். "நீங்களே லியூகோவோரின் கொடுக்கிறீர்களே, அதுவும் அந்த வகைதானே?" என்று ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். அந்த வகைதான். ஆனால் உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் ஏற்றிய பிறகு, ரத்தத்தில் அது எவ்வளவு மீதி இருக்கிறது என்று அளந்து பார்த்து, நேரமும் அளவும் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். வீட்டில் கரண்டியால் ஊற்றுவது வேறு.

இதைவிட மோசமானது காய்ச்சல். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 500க்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ் என்றால் அது அவசர நிலை. மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் பல மையங்களின் இலக்கு. குழுவில் கேட்டால் என்ன நடக்கிறது? "எங்களுக்கும் வந்தது, பாரசிட்டமால் கொடுத்தோம், காலையில் சரியாகிவிட்டது." சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர்கள் பிள்ளைக்கு நிஜமாகவே சரியாகியிருக்கும். பாரசிட்டமால் காய்ச்சலைத்தான் இறக்கும், ரத்தத்தில் இருக்கும் கிருமியை இறக்காது. அந்த ஒரு இரவை இழந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2021இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 புற்றுநோய்க் கட்டுரைகளை நிபுணர்கள் படித்துப் பார்த்தார்கள். அவற்றில் 32.5 விழுக்காட்டில் தவறான தகவல் இருந்தது. 30.5 விழுக்காட்டில் இருந்த தகவல் தீங்கு செய்யக்கூடியது. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று.

நெடுவழி

வெண்புறா, காய்ச்சல் பற்றிச் சொன்னதை ஒவ்வொரு பெற்றோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதில் வாதமே இல்லை. ஆனால் அந்த ஆய்வை இங்கே கொண்டுவந்தது பொருந்தவில்லை. அது மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல், நுரையீரல் ஆகிய நான்கு புற்றுநோய்களைப் பற்றிய ஆய்வு, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருபவை. அதில் பார்த்தவை ஊரெல்லாம் பகிரும் கட்டுரைகள். ஒரே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொள்ளும் மூடிய குழுவுக்கு அந்த விழுக்காட்டைப் பொருத்த முடியாது.

என் மகளுக்கு நியூரோபிளாஸ்டோமா, நரம்பு அணுக்களில் தொடங்கும் புற்றுநோய். ஏ.எல்.எல். பிள்ளைகளின் பெற்றோருக்கு வார்டிலேயே துணை கிடைக்கும், ஏனென்றால் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதுதான் அதிகம். எங்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் இருந்த காலம் முழுக்க வார்டில் வேறு ஒரு நியூரோபிளாஸ்டோமா பிள்ளையை நான் பார்க்கவில்லை. அந்தப் புற்றணுக்களின் மேல் இருக்கும் ஜிடி2 என்ற இலக்கைத் தாக்கும் எதிர்ப்பு மருந்து பற்றிக் குழுவில்தான் முதலில் கேள்விப்பட்டேன். அது 2015இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அச்சிட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. எந்தக் கட்டத்தில் அது பயன்படும், அப்போது எவ்வளவு வலி இருக்கும் என்று உட்கார்ந்து விளக்கினார். அந்த உரையாடல் குழு இல்லாமல் நடந்திருக்காது.

வெண்புறா

நீங்கள் மருத்துவரிடம் கொண்டுபோனீர்கள் சகோ. கொண்டுபோகாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. கசப்புப் பாதாம், ஆப்ரிகாட் கொட்டைகளில் இருக்கும் அமிக்டலினை "வைட்டமின் பி17" என்று பெயர் மாற்றி இன்றும் விற்கிறார்கள். அது வைட்டமின் கிடையாது, புற்றுநோயைக் குணப்படுத்துவதும் கிடையாது, உடலில் சயனைடாக மாறக்கூடியது. அதை விற்பவர்களும் இதே மூடிய குழுக்களுக்குள் "நானும் ஒரு அம்மாதான்" என்று சொல்லிக்கொண்டு நுழைகிறார்கள். பயந்துபோன பெற்றோர் எங்கே கூடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இளவேனில்

இதைத்தான் நானும் சொல்கிறேன். நல்லது பத்து இருந்தாலும் அந்த ஒன்று என் பிள்ளை மேல் விழுந்தால் என்ன செய்வேன்? அப்புறம், தகவல் சரியாக இருந்தாலும் பயம் குறைவதில்லையே. ஏ.எல்.எல். பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்று மருத்துவர் சொல்கிறார். குழுவைத் திறந்தால் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது போலத் தெரிகிறது. இரண்டில் எதை நம்புவாள் அவள்?

மழைத்துளி

மருத்துவரை நம்பச் சொல்லுங்கள் அண்ணா. நல்ல வசதியுள்ள நாடுகளில் ஏ.எல்.எல். பிள்ளைகளில் சுமார் 90 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் இருக்க மாட்டார்கள். சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாக வார்டில் மணி அடித்து, ஒரு படம் போட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு அவர்கள் வீட்டில் எழுத என்ன இருக்கிறது? பரீட்சை, சளி, தம்பியோடு சண்டை. அதை யாரும் புற்றுநோய்க் குழுவில் எழுதுவதில்லை. எழுதுவது யார்? சிக்கலில் இருப்பவர்கள். அதிகம் பதில் வாங்குவதும் அந்தப் பதிவுகள்தான், அதனால் ஃபேஸ்புக் அவற்றைத்தான் மேலே தூக்கிக் காட்டுகிறது. குழுவின் முதல் பக்கத்தை வைத்து உங்கள் மகளின் எதிர்காலத்தைக் கணக்குப் போட முடியாது.

இதற்காகத்தான் நான் இன்னும் விலகவில்லை. புதிதாக வரும் அம்மாக்களுக்கு "என் மகன் இன்று கணக்குப் பாடத்தில் திட்டு வாங்கினான்" என்று எழுதுகிறேன். அதைப் படித்து அழுதவர்கள் உண்டு.

ஒன்றில் மட்டும் வெண்புறாவோடு ஒத்துப்போகிறேன். எம்.ஆர்.டி. எண் (சிகிச்சைக்குப் பிறகும் மிச்சம் இருக்கும் நோய் அணுக்களின் அளவு), ஆரம்பத்து வெள்ளை அணு எண்ணிக்கை, இவற்றைப் போட்டுவிட்டு "எங்கள் பிள்ளை பிழைக்குமா?" என்று கேட்கும் பதிவுகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. நோய் பி செல் வகையா, டி செல் வகையா, என்ன மரபணு மாற்றம், எந்த நாள் எடுத்த சோதனை என்று தெரியாமல் அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. தெரிந்தாலும் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

முகில்

எல்லோரும் பெற்றோருக்கு நல்லதா கெட்டதா என்றே பேசுகிறீர்கள். நான் அந்தப் பிள்ளை. ஏழு வயதில் எனக்கு வில்ம்ஸ் கட்டி என்ற சிறுநீரகப் புற்றுநோய் வந்தது. ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், குணமானேன். இப்போது கல்லூரியில் படிக்கிறேன்.

என் அம்மா எனக்காக ஒரு பக்கம் நடத்தினார். மொட்டைத் தலையோடு, வாந்தி எடுத்துக்கொண்டு, ஒருமுறை சட்டையே இல்லாமல் தழும்பு தெரிய. எல்லாம் பொதுவில். அம்மா எதற்காகச் செய்தார் என்று எனக்குத் தெரியும். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் அந்தப் படங்களைத் தோண்டி எடுத்து வகுப்புக் குழுவில் போட்டபோது, அம்மாவின் நோக்கம் எனக்கு உதவவில்லை. நான் யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதை நான் முடிவு செய்வதற்கு முன்பே ஊருக்கே தெரிந்திருந்தது.

1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 16ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைப் பற்றியது. பிரான்சில் 2024இல், பிள்ளையின் படத்துக்கான உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று தனிச் சட்டமே போட்டார்கள். 13 வயதுக்குக் கீழே எனக்குக் கணக்குத் தொடங்க அனுமதி இல்லாத அதே தளத்தில், என் உடம்பு ஏழு வயதிலேயே போய் உட்கார்ந்துவிட்டது.

மூடிய குழு என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். நோயுற்ற பிள்ளைகளின் படங்களைத் திருடி, பெயரை மாற்றி, பணம் வசூலிப்பவர்களும் இருக்கிறார்கள்.

நெடுவழி

தம்பி, உனக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. ஆனால் என் பக்கத்தையும் கேள். நாங்கள் பணம் திரட்டித்தான் சிகிச்சை செய்தோம். முகம் இல்லாத, பெயர் இல்லாத வேண்டுகோளுக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் படம் போட்ட பிறகுதான் பணம் வந்தது. ஆண்டுதோறும் உலகில் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30க்கும் கீழே. காலம் கடந்து கண்டுபிடிப்பதும் மருந்து கிடைக்காததும் பாதியிலேயே சிகிச்சையை விடுவதும் அதற்குக் காரணங்கள். பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேர் பணம் இல்லாமல் விடுகிறார்கள். அந்தரங்கமா உயிரா என்று கேட்டால் எந்த அப்பனும் உயிர் என்றுதான் சொல்வான்.

முகில்

அண்ணா, நானும் உயிர் என்றுதான் சொல்வேன். பணம் திரட்ட ஒரு படம் தேவைப்பட்டிருக்கலாம். வாந்தி எடுக்கும் படம் எதற்கு? கதீட்டர் போட்ட படம் எதற்கு? முழுப்பெயர், பள்ளி, மருத்துவ அறிக்கை எல்லாம் எதற்கு? பணம் சேர்ந்து முடிந்த பிறகும் அந்தப் பக்கம் ஏன் அப்படியே இருந்தது? என் அம்மாவின் பக்கத்தில் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மீதி எல்லாம் அன்றன்றைக்கு நடந்தது. ஏழு வயதில் எனக்குப் பேசத் தெரியும். "இதைப் போடட்டுமா கண்ணா?" என்று கேட்டிருந்தால் சிலவற்றுக்குச் சரி சொல்லியிருப்பேன், சிலவற்றுக்கு வேண்டாம் என்றிருப்பேன்.

கடலோரம்

இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். "மரணச் செய்திகளைப் போடவே கூடாது" என்ற வரி என்னைப் போகவிடவில்லை.

என் மகனுக்கு மூளைத்தண்டில் கட்டி. டி.ஐ.பி.ஜி. என்பார்கள். அந்த இடத்தில் அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுக்க முடியாது. கதிர்வீச்சு சில மாதங்களை வாங்கித் தந்தது. அந்த மாதங்கள் முழுக்க நான் குழுவில்தான் வாழ்ந்தேன். அவனுக்கு விழுங்க முடியாமல் போனபோது எப்படித் தலையைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு எழுதியவர் ஒரு அம்மா. அவர் தன் மகளை ஏற்கெனவே இழந்திருந்தார். அவரைக் குழுவிலிருந்து தள்ளி வைத்திருந்தால் அதை எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவன் போன அன்று எழுதினேன். எழுத வேறு இடம் இல்லை. சிலர் கூடவே அழுதார்கள். சிலர் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த நிமிடமே பிளேட்லெட் பற்றிக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிள்ளைகள் உயிரோடு வார்டில் இருந்தார்கள். ஆனால் அட்மின் தனியாக எழுதினார். மற்ற அம்மாக்கள் பயப்படுகிறார்கள், இழந்தவர்களுக்கு வேறு குழு இருக்கிறது, அங்கே போகிறீர்களா என்று. மரியாதையாகத்தான் கேட்டார். என் மகனோடு சேர்த்து, அவனைத் தெரிந்திருந்த எல்லோரையும் அன்று இழந்தேன்.

ஃபேஸ்புக் மட்டும் என்னை மறக்கவில்லை. "இதே நாளில்" என்று அவன் சிரிக்கும் படத்தைக் காலையில் முன்னால் கொண்டுவந்து வைக்கும். நாட்களையும் ஆட்களையும் மறைத்துவைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

இளவேனில், உங்கள் மனைவி பயப்படக்கூடாது என்று நீங்கள் நினைப்பது நியாயம். அதற்கு நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது நியாயம் இல்லை.

இளவேனில்

அக்கா, உங்கள் மகனைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இருந்தும் என் மனதில் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. வார்டில் பிள்ளை பக்கத்தில் தூங்க, இரவு இரண்டு மணிக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு குழந்தையின் உடலைப் பார்ப்பது யாருக்கும் நல்லதில்லை. உங்களை வெளியே போகச் சொல்லவில்லை. படம் இல்லாமல், முதல் வரியிலேயே இது இழப்புச் செய்தி என்று சொல்லிவிட்டு எழுதலாமே? படிக்க முடிந்தவர்கள் திறந்து படிக்கட்டும்.

கடலோரம்

முதல் வரியில் சொல்வது சரி, அதை ஏற்கிறேன். படம் பற்றி ஏற்கவில்லை. அவன் உயிரோடு இருந்தபோது போட்ட படங்களுக்கு எல்லோரும் இதயம் போட்டார்கள். கடைசிப் படத்தை யாரும் பார்க்கக்கூடாது என்றால் அவனை ஒளித்துவைப்பது போல இருக்கிறது. உடலின் படம் வேண்டாம், சரி. அவன் முகம் இருக்கும்.

வெண்புறா

இரண்டு பேரையும் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விடியும்வரை தூங்காமல் இருப்பதும், திரும்பத் திரும்பக் கட்டி தேடுவதும், சாப்பிட முடியாமல் போவதும் குழுவால் மட்டும் வருவதில்லை. பிள்ளைக்குப் புற்றுநோய் என்று கேட்ட அதிர்ச்சி பல பெற்றோருக்கு நீண்ட நாள் இருக்கும். பேரிடரில் தப்பியவர்களுக்கு வரும் மன அழுத்தத்தின் அறிகுறிகளே இவர்களுக்கும் வருகின்றன. இளவேனில், கைப்பேசியைப் பிடுங்கினால் அது போய்விடாது. உங்கள் மையத்தில் மனநல ஆலோசகரோ மருத்துவ சமூகப் பணியாளரோ இருந்தால் மனைவியோடு நீங்களும் போய்ப் பாருங்கள். சில இரவுகளில் நீங்கள் பிள்ளையோடு வார்டில் இருங்கள், அவர் வீட்டில் தூங்கட்டும்.

குழு பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. மருந்து, அளவு, காய்ச்சல் இந்த மூன்றையும் குழுவில் கேட்கவே வேண்டாம். வார்டு எண்ணுக்கு அழையுங்கள். இரவு எத்தனை மணியானாலும் எடுப்போம், அதற்காகத்தான் நாங்கள் விழித்திருக்கிறோம்.

இளவேனில்

இந்த இழையை மனைவிக்குக் காட்டினேன். குழுவை விட மாட்டேன் என்கிறாள். "நீங்கள் அலுவலகம் போய்விடுகிறீர்கள், நான் யாரோடு பேசுவது?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அறிவிப்புகளை இரவில் நிறுத்திவைக்கச் சம்மதித்திருக்கிறாள். வார இறுதியில் வார்டில் நான் இருக்கப் போகிறேன். குழுக்கள் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம் தருகின்றன என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அவள் இல்லை என்கிறாள்.

முகில் தம்பி எழுதியதைப் படித்து இருவரும் வெகுநேரம் பேசினோம். மகளின் படங்கள் நிறைய வெளியே இருக்கின்றன. எடுத்துவிட முடியுமா?

முகில்

முடிந்தவரை எடுக்கலாம் அண்ணா. முதலில் எல்லாவற்றையும் பதிவிறக்கி வீட்டில் ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிட்டு வருந்த வேண்டாம். பெரியவளானதும் அவள் பார்க்க விரும்பலாம், நான் பார்க்கிறேன். பிறகு உங்கள் பதிவுகளை நீங்களே நீக்குங்கள். உறவினர்களும் நண்பர்களும் தங்கள் பக்கத்தில் போட்டிருப்பதை ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் நீக்க வேண்டும். குழு அட்மினிடம் பதிவின் இணைப்பை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மற்றவர் கைப்பேசியில் இறங்கிவிட்டது திரும்பி வராது, இனிமேல் அனுப்பாமல் இருக்கலாம். யாராவது மறுத்தால் தளத்திலேயே குழந்தையின் அந்தரங்கம் என்று புகார் செய்ய வழி இருக்கிறது, பெற்றோராக நீங்கள் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருந்தால், தகவலை நீக்கக் கேட்கும் உரிமை 2018 முதல் சட்டப்படியே உண்டு.

நீக்குவதற்கு முன்னால் அவளிடமும் ஒருமுறை காட்டுங்கள். ஐந்து வயதில் சில படங்கள் அவளுக்குப் பிடித்திருக்கும். அவற்றை அச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.